பையில் மஞ்சள் தூள்

மரத்தூள் பட்டுப் பட்டு மனைவி சுடர்விழி இருமியே ஓய்ந்துபோனாள். வீட்டுப் பட்டறைக்குத் தூசி உறிஞ்சும் மெஷின் வாங்காமல் விடுவதில்லை என்று பகலவன் தஞ்சாவூரில் நாலு கடை ஏறி இறங்கினான். இருந்ததிலேயே பெரியதை எடுத்துவந்து மாட்டினான்.

அன்று அறுத்தது தேக்கு மட்டும்தான். சாயங்காலம் மெஷினின் தூசிப் பையை அவிழ்த்தால், மஞ்சள் மஞ்சளாய் ஈரப் பலாத்தூள்.

“கொல்லைப் பலாவ அறுத்துட்டீங்களா?” என்றாள் சுடர்விழி.

“அதுல ரம்பமே வைக்கலியே.”

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் கொல்லைக்குப் போனான். பலா பச்சைப்பசேலென்று காய்த்து நின்றது. அடிமரத்தைத் தட்டினான். மிருதங்கம் போலக் கும்மென்று அதிர்ந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அடுப்படியில் சுடர்விழி இருமாமல் பாடிக்கொண்டிருந்தாள்.

பகலவன் பட்டறைக்குப் போய் மெஷினைப் போட்டான்.