டோக்கன் பதினாலு

"அவசர சிகிச்சைன்னுதானே வெளியில போர்டு வெச்சிருக்கீங்க? இதை விட அவசரம் என்ன வேணும் சிஸ்டர்?"

மேசைக்குப் பின்னால் இருந்த நர்ஸ் நிமிர்ந்தாள். கேட்ட பெண்ணுக்குப் பக்கத்தில், கழுத்து வரை மனிதராகவும் அதற்கு மேல் எவர்சில்வர் குண்டானாகவும் ஒருவர் நின்றிருந்தார்.

"வீட்டுக்காரரா?"

"ஆமா. ராக்கெட்ல போறவங்க எப்படி இருப்பாங்கன்னு நாலு வயசுப் பொண்ணு கேட்டா. இவர் மாட்டிக் காட்டினார். போனவர் திரும்பி வரலை."

காத்திருந்த பதின்மூன்று பேரும் அவரவர் வலியை மறந்து சிரித்தார்கள். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு படிவத்தை எடுத்தாள்.

"மூச்சு விட முடியுதா?"

"முடியுது" என்றது குண்டான். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது.

"நெஞ்சுவலி? மயக்கம்? ரத்தம்?"

"எதுவும் இல்ல. மானம்தான் போகுது."

"அதுக்கு இங்க வைத்தியம் கிடையாதுங்க. உயிர் போற விஷயம்னா பெரிய ஆஸ்பத்திரி, மத்ததெல்லாம் வரிசை. உங்களுக்கு டோக்கன் பதினாலு. உட்காருங்க."

மனைவி விடுவதாக இல்லை. "கொஞ்சம் தயவு பண்ணுங்க சிஸ்டர். இவர் வேலையில சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகுது. இப்பவே மணி எட்டே முக்கால். ஒன்பதுக்குள்ள இது கழண்டாகணும். இல்லேன்னா நாளைக்கு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வேலைக்குப் போவார்?"

"எங்க வேலை?"

"பக்கத்துலதான்."

"ரொம்பப் பக்கம்" என்றது குண்டான் பரிதாபமாக.

"டாக்டர் ரூமுக்குள்ள மட்டும் விட்டுடுங்க. நாங்களே எப்படியாவது கழட்டிக்கறோம்."

"டாக்டரே இன்னும் வராத ரூம்ல உங்களுக்கு என்ன வேலை? நல்லாருக்கே கதை!"

மணிக்கட்டு சுளுக்கியவர் எழுந்துவிட்டார். "ஹலோ, டோக்கன் ஒண்ணு நான்தான். குறுக்கே யாராவது நுழைஞ்சா நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

"நான் என்ன சார் பண்றது? புது டாக்டர் பயங்கரக் கறார்" என்றாள் நர்ஸ். "நேத்துதான் சொன்னார். 'என் சொந்தக்காரங்களே வந்தாலும் வரிசைதான். ஒருத்தரை முன்னால விட்டாலும் உங்களைத்தான் கேட்பேன்'னு. அதோ பாருங்க, சுவத்துல அவர் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கார்."

குண்டான்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ணங்கென்று சத்தம் கேட்டது.

மணி ஒன்பதாயிற்று. ஒன்பதரையும் ஆயிற்று. டாக்டரைக் காணோம். இருமல்காரம்மா தன் பையிலிருந்து தேங்காயெண்ணெய் எடுத்துக் கொடுத்தாள். கண் வீங்கியவரும் காது அடைத்தவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். குண்டான் பளபளவென்று ஆனதுதான் மிச்சம்.

பத்து மணிக்குச் சுளுக்குக்காரர் பொறுமையிழந்தார். "நேரத்துக்கு வரத் தெரியாத ஆளுக்கு டாக்டர் வேலை எதுக்கு? வரட்டும், நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்கறேன்!"

எல்லோரும் ஆமாம் போட்டார்கள். குண்டான் மெல்லத் தலை குனிந்தது.

"வீட்ல ஏதாவது பிரச்சினையோ என்னவோ, பாவம்" என்றபடி நர்ஸ் டாக்டருக்குப் போன் போட்டாள்.

குண்டான்காரரின் பேன்ட் பாக்கெட்டில் மணி அடித்தது. மனைவி அவசரமாகக் கைப்பையை அதன்மேல் வைத்து அழுத்தினாள். நர்ஸ் துண்டித்தாள், சத்தம் நின்றது. மறுபடி போட்டாள், மறுபடி அடித்தது. கூடமே குண்டானைப் பார்த்தது.

"கட் பண்ணிடுங்க சிஸ்டர்" என்றது குண்டான். "நான் எட்டே முக்காலுக்கே வந்துட்டேன். நீங்கதான் டோக்கன் பதினாலு கொடுத்து உட்கார வெச்சிருக்கீங்க."