வெள்ளிக்கிழமை வீரர்

"பீங்கான் கோப்பை வேண்டாம். இவனுக்குக் காகிதக் கப் போதும்," என்றார் கடைக்காரர் ரெய்னோ.

கல்லூரி ஐஸ் ஹாக்கி அணிக்கு யார் கேப்டனோ அவனுக்கென்று அந்தக் கடையில் ஒரு நீலக் கோப்பை ஆணியில் தொங்கும். சனிக்கிழமை மதியம் வந்து அதில் காபி குடிப்பான். ஊர் அவன் முதுகில் தட்டும்.

இன்று யாரும் தட்டவில்லை. கேலப் காகிதக் கப்பை வாங்கிக்கொண்டு சன்னலோரம் போய் உட்கார்ந்தான்.

"நேத்து ஐயா ஆட்டமா ஆடினாரு? டான்ஸ் ஆடினாரு," என்றார் கணப்பருகே இருந்த வெய்னோ. "எதிரணி ட்ராவிஸ் அடிக்க வரான். இவன் அவனோட ரெண்டு மணிக்கட்டையும் பிடிச்சு, கட்டிக்கிட்டு, அப்படியே பனியில படுத்துட்டான். கல்யாணத்தன்னிக்குக்கூட நான் என் பெண்டாட்டியை அப்படிக் கட்டிக்கிட்டதில்ல."

கடை சிரித்தது.

"பிடிச்சதுக்குத் தண்டனை ரெண்டு நிமிஷம். இவன் வெளியே உக்காந்திருக்க, அந்த ரெண்டு நிமிஷத்துல அவனுங்க கோல் போட்டானுங்க. தோத்தோம்."

"அடிக்கத்தான் தைரியமில்ல, வாங்கியாவது இருக்கலாம்ல?" ரெய்னோ மேசையைத் துடைத்தபடி சொன்னார். "ட்ராவிஸ் ஒரு குத்து விட்டிருந்தான்னா அவனை அங்கேயே வெளியே அனுப்பியிருப்பாங்க. இன்னிக்கு ஆட்டத்துலயும் இருக்க மாட்டான். அந்த டீம்ல ஆடத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். ஒரு மூக்கு உடைஞ்சா ஊருக்கே லாபம். மூக்கு பத்திரமா இருக்கா தம்பி?"

"இருக்குங்க," என்றான் கேலப். கறியும் கிழங்கும் அடைத்த பேஸ்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

ரெய்னோ சுவரைக் காட்டினார். சட்டமிட்ட பழைய படம். அதில் அவருக்கு இருபத்தொரு வயது. கையுறைகள் பனியில் கிடக்க, முஷ்டி ஒருவன் தாடையில் இருந்தது.

"இதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான். மூணே குத்து. 'வெளியே போ, நாளைக்கும் நீ கிடையாது'ன்னாரு நடுவர். போய்யான்னேன். ஊரே எழுந்து நின்னு கத்துச்சு."

கடையில் எல்லோருக்கும் இந்தக் கதை மனப்பாடம். அது வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிடும். வார இறுதியில் அதே இரண்டு அணிகள்தான் மறுநாளும் மோதும். அந்தச் சனிக்கிழமை என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால் ரெய்னோவுக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும்.

அவர் மனைவி கார்லீன் உள்ளே மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டதில்லை.

"காலையிலேயே கோச்சுகிட்ட பேசிட்டேன்," என்றார் ரெய்னோ. "சட்டையில இருக்கிற கேப்டன் 'சி' எழுத்தைப் பிரிச்சு வேற ஆளுக்குத் தைக்கச் சொன்னேன். ரசிகர் சங்கத் தலைவர் நான் சொன்னா தட்ட மாட்டாரு."

கேலப் மெல்லுவதை நிறுத்தினான். ஒரு கணம் சட்டையின் இடது மார்பைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மறுபடி மென்றான்.

"பாத்தியா, இதுக்கும் வாயைத் திறக்கல," என்றார் வெய்னோ. "வாங்கின அடிக்கு மாடுகூடக் கத்தும்."

கதவு திறந்தது. எதிரணியின் பச்சைக் கழுத்துத்துணி சுற்றிய ஓர் அம்மா, காலணிப் பனியை உதறிவிட்டு உள்ளே வந்தாள்.

"கேலப்னு ஒரு பையன்... இங்கதான் இருப்பான்னாங்க."

கேலப் எழுந்தான்.

"நான் ட்ராவிஸோட அம்மா. அலாஸ்காவிலேர்ந்து மூணு விமானம் மாறி இப்பத்தான் வந்து சேர்ந்தேன்." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் முன்னாடி ஒரே டீம்ல, ஒரே ரூம்ல இருந்தவங்களாமே. அம்மா நாளைக்கு வராங்கன்னு நேத்துக் காலையில உன்கிட்ட மட்டுந்தான் சொன்னானாம்."

"ஆமாம்மா."

"நாலு வருஷமா எனக்கு லீவே கிடைக்கல. இது ஒரு ஆட்டந்தான் நான் பாக்கப் போறது. கோபம் வந்தா அவனுக்குக் கண்ணு தெரியாது. நீ பிடிக்கலைன்னா அவன் அடிச்சிருப்பான்னு அவனே சொன்னான். அழுதான்."

"முரட்டுக் கைம்மா அவனுக்கு. எனக்குத்தான் மணிக்கட்டு வலிக்குது," என்றான் கேலப்.

யாரும் சிரிக்கவில்லை. வெய்னோ கணப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெய்னோ நீலக் கோப்பையை ஆணியிலிருந்து எடுத்தார். எடுத்தவர் அங்கேயே நின்றார்.

கார்லீன் மாவுக் கையோடு வெளியே வந்தாள். கோப்பையை அவரிடமிருந்து வாங்கி, காபி ஊற்றி, கேலபின் முன் வைத்தாள்.

"கோச்சுக்கு மறுபடி போன் பண்ணுங்க," என்றாள் கணவனிடம். பிறகு அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கம்மா. இவரோட அப்பாவும் சுரங்கத்துல லீவு கேட்டு, மகன் ஆடுறதைப் பாக்க ஒரே ஒரு சனிக்கிழமை வந்தாரு. ஆட்டம் முடியிற வரைக்கும் காலரியில மகன் பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டுப் போனாரு."