தந்தை வழி

பதினேழு கேள்விகள் முடிந்துவிட்டன. பதினெட்டாவதில் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தாய் வழியிலோ தந்தை வழியிலோ, தாமதமாகப் பேசியவர், தனித்தே இருப்பவர், ஓர் ஒழுங்கைப் பிடித்தால் விடாதவர் எவரேனும் உண்டா?

சேர்க்கை உதவியாளர் அதைப் படித்ததும் பேனாவை மேசைமேல் வைத்துவிடுவாள். அது அவளே கண்டுபிடித்த முறை. பேனா கையில் இருக்கும்வரை, எங்கள் பரம்பரையிலேயே அப்படி ஒருத்தரும் கிடையாது என்பார்கள். பேனா இறங்கிக் கொஞ்ச நேரம் ஆனதும் ஒரு பெரியப்பா வெளியே வருவார், அறையைச் சாத்திக்கொண்டு ஒரே ரேடியோவை வாழ்நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து மாட்டியவர். அல்லது ரயில் ஐந்து நிமிடம் பிந்தினால் ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டிவிட்டு வரும் சின்னத் தாத்தா.

அவர்களை அவள் குறை சொன்னதில்லை. மானமுள்ள குடும்பம் அப்படித்தான் இருக்கும். வீட்டு விஷயத்தை யாராவது தெருவில் காயப்போடுவார்களா?

ஆட்டிசக் குழந்தைகளுக்கான அந்த நிலையத்தில் அவளுக்கு இது நான்காவது வருடம். ஜன்னலோர மேசை அவளுடையது. அவள் மேசையில் மட்டும் ஸ்டேப்ளர் கிடையாது, கிளிப்தான். அந்தச் சத்தம் குழந்தைகளுக்கு ஆகாது என்று எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறாள் என மேலாளர் ஒருமுறை எல்லார் முன்னாலும் பாராட்டினார். அவள் மறுக்கவில்லை.

மற்றபடி, பெண் என்றும் பாராமல் அவளுக்கு அங்கே கல்லுளிமங்கன் என்று பெயர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பக்கத்து அறைப் பெண்கள் அவள் காதுபடவே பேசிக்கொள்வார்கள். மதியம் தனியாகச் சாப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் குரலைத் தானே கேட்பதில்லை.

இன்று எதிரே இருந்தவள் முப்பதை எட்டாத ஒரு தாய். நான்கு வயது மகள் நாற்காலியில் உட்காரவில்லை. மேசை விளிம்பில் ஒரு விரலை வைத்து இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை இழுத்துக்கொண்டே போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள்.

கணவனுக்கு லீவு கிடைக்கவில்லையாம். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தே இரண்டு மாதம்தானாம்.

முதல் பக்கத்தில் தந்தையின் பெயரை எழுதும்போது உதவியாளரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது. இனிஷியலை அந்தத் தாய் சொல்லவில்லை. இவளும் கேட்காமலே போட்டாள்.

இப்போது பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

தாய் வழியில் ஒருவரும் இல்லை. மூன்று தலைமுறைக்குத் தன் அம்மாவைத் துருவித் துருவிக் கேட்டுவிட்டாளாம். சொல்லும்போதே குரல் இறங்கியது. நிறை மாதம்வரை வேலைக்குப் போனது, பிள்ளை அழுதபோதெல்லாம் கையில் போனைக் கொடுத்தது, ஒருநாள் கோபத்தில் கத்தியது. கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாள், தன்மேல் தானே குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல.

"நாந்தாங்க எங்கயோ தப்பு பண்ணிட்டேன். எங்கன்னுதான் தெரியல."

இதற்கு உதவியாளர் பதில் சொல்லக் கூடாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தந்தை வழியில் யாராவது, என்று கேட்டாள்.

"தெரியாதுங்க. அவருக்கு இருக்கறது ஒரே ஒரு அக்கா. கல்யாணத்துக்கே வரல. அப்பறம் ஒரு போன்கூட இல்ல. நான் முகத்தக்கூட பாத்ததில்ல. ரொம்ப கர்வம்னு இவரு சொல்லுவாரு."

தெரியாது என்றே போட்டுவிடச் சொன்னாள்.

போடுவது சுலபம். எத்தனையோ குடும்பங்களின் மானத்தை அந்த ஒரு சொல்லால் காப்பாற்றிக் கொடுத்த கைதான். கோப்பு மூடும். இந்தப் பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, வழியெல்லாம் தன் தப்பைத் தேடிக்கொண்டே போவாள்.

சிறுமியின் விரல் உதவியாளரின் பக்கம் வந்து நின்றது. அவள் இவளைப் பார்க்கவில்லை. இவளும் அவளைப் பார்க்கவில்லை. இருவருக்குமே அது சௌகரியமாக இருந்தது.

வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது என்று சாகும்வரை சொன்ன தன் அப்பாவின் முகம் வந்து போனது.

பேனாவை எடுத்தாள். முதுகை நேராக்கிக்கொண்டு, நிறுத்தாமல் எழுதினாள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும்படி படிவத்தைத் தாயின் பக்கம் திருப்பி வைத்தாள்.

தந்தை வழி: உண்டு. தந்தையின் அக்கா. ஆறு வயதுவரை பேசவில்லை. கூட்டமும் சத்தமும் இன்றுவரை தாங்க முடியாது. தம்பியின் கல்யாணத்துக்கு மண்டபத்து வாசல்வரை வந்து திரும்பிவிட்டாள்.

தாய் ஒருமுறை படித்தாள். பிறகு விரல் வைத்து, சொல் சொல்லாக இன்னொரு முறை படித்தாள்.

"இதெல்லாம் யாருங்க உங்களுக்குச் சொன்னாங்க?"

உதவியாளர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தகவல் தந்தவர் குழந்தைக்கு என்ன உறவு என்று கேட்கும் கடைசிக் கட்டம் இன்னும் காலியாக இருந்தது.

அதில், அத்தை என்று எழுதினாள்.