லிஃப்ட் எழுதிய பட்டியல்

அறுபது வருடப் பழைய குடியிருப்பைப் புதுப்பித்தபோது வைத்த லிஃப்ட் அது. தீப்பிடித்தால் நடக்க முடியாதவர்களை மட்டும்தான் ஏற்றும். அப்படிப்பட்டவர்களின் பட்டியலைக் குடியிருப்போர் சங்கம் நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்றே, ஆறாவது மாடி குணவதி டீச்சர் தன் பெயரைப் பேனாவால் அடித்துவிட்டார். "எனக்கென்ன கேடு? நல்லாத்தானே நடக்கறேன்!"

இன்று இரண்டாவது மாடியில் ஒரு வீட்டில் தீ. எல்லோரும் தடதடவென்று படியிறங்கி ஓட, டீச்சர் முதல் படியிலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பின்னால் லிஃப்ட் கதவு திறந்தது.

"வாங்க டீச்சர்" என்றது லிஃப்ட்.

"என் பேருதான் லிஸ்ட்ல இல்லையே?"

"ஆறு மாசமா நீங்க என் கைப்பிடியைப் பிடிக்கிற பிடி எனக்குத் தெரியாதா?"

உள்ளே ஏற்கெனவே சங்கச் செயலாளர் சிதம்பரநாதன் நின்றிருந்தார். எட்டு மாடியும் தினமும் படியேறுவதாகப் பீற்றிக்கொள்பவர்.

"வெளியே சொல்லிடாதீங்க டீச்சர்."

"நீங்களும்தான் சார்."

கீழே வாசலில் குடியிருப்பே திரண்டு நின்றது. லிஃப்ட் அந்தப் பக்கம் திறக்காமல், ஆளில்லாத பின்பக்கக் கதவைத் திறந்தது.

முப்பது வருடம் தமிழ்ப் பாடத்தில் யாருக்கும் முழு மார்க் போடாத டீச்சர், இறங்கும்போது அதன் சுவரைத் தட்டிக்கொடுத்தார்.

"நூத்துக்கு நூறுடா!"