பதில் வெடி

“மலையில இதுதான் கடைசி நாட்டுத் துப்பாக்கின்னு சத்தியம் பண்ற, அப்படித்தானே?” என்று கேட்டபடி வாசலில் நின்றார் இன்ஸ்பெக்டர். பலாக்கட்டையில் தானே பிடி செதுக்கிப் பொருத்திய துப்பாக்கியைக் குழந்தை போல ஏந்திக்கொண்டு வேடியப்பன் தலையாட்டினான்.

“சரி, மருந்தை எடுத்துட்டுக் குடு.”

“குழல் வாயில போட்டு இடிச்சதுங்க சார். சுட்டாத்தான் வெளிய வரும்.”

“அப்போ வானத்தைப் பார்த்துச் சுட்டுத் தொலை.”

சுட்டான். ஒரு வெடி கேட்டால் பதில் வெடி போடுவது அந்த மலையின் மரியாதை என்பது அதற்குப் பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. மேற்கே வெடித்தது. வடக்கே வெடித்தது. மரியாதை தெரிந்த பாவிகள்!

இன்ஸ்பெக்டர் முறைத்தார்.

“எதிரொலிங்க சார்,” என்றான் நெஞ்சை நிமிர்த்தி.

வெகுநேரம் கழித்து, மருந்து இடிப்பதில் சோம்பேறியான அவன் மாமனின் வெடி கிழக்கே கேட்டது.

“அது கொஞ்சம் வயசான எதிரொலிங்க.”