கை படாத வேலை

"புரோகிராம் நல்லாத்தான் ஓடுது சார். ஆனா இதை நம்பித் தனியா விட முடியாது. தினமும் காலையில ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும்."

மீட்டிங் ரூமில் மேனேஜரிடம் ஜோவலின் இப்படிச் சொன்னாள். அர்னுல்ஃபோவுக்கு முகம் செத்துப்போனது. அந்தப் புரோகிராமை எழுதினவர் அவர்தான்.

பெட்டி தொலைத்த விமானப் பயணிகள் எழுதும் கடிதங்களைப் படித்து, வகை பிரித்து அனுப்புகிற ஆபீஸ் அது. செபு நகரத்தில் இருக்கிறது. வருஷக் கடைசிக்குள் எல்லாரும் ஆட்டோமேஷன் பரீட்சை எழுதிச் சர்டிஃபிகேட் வாங்க வேண்டும், அவரவர் வேலையைக் கம்ப்யூட்டரே செய்கிற மாதிரி புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும் என்று உத்தரவு.

நாற்பத்தாறு வயதில் அர்னுல்ஃபோ புத்தகத்தைத் தொட்டார். இரண்டு தடவை தோற்றார். மூன்றாம் தடவை, குழந்தை யேசு கோவிலில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போய் எழுதினார். தேறிவிட்டார். மனைவி பெர்லா அந்தச் சர்டிஃபிகேட்டைக் கண்ணாடி போட்டு, குழந்தை யேசு படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினாள். முழங்கால் போட்டால் இரண்டையும் சேர்த்தே கும்பிட வேண்டியிருந்தது.

நாலு மணி நேர வேலையை அவருடைய புரோகிராம் பதினோரு நிமிஷத்தில் முடித்தது. மூன்று வாரம் சோதித்தார். ஒரு கடிதம்கூடத் தப்பவில்லை.

மணிலாவிலிருந்து வருகிற மேனேஜர் எல்லாரிடமும் கேட்பது ஒரே கேள்விதான். "யார் கையும் படாம ஓடுமா?"

போன வாரம் டிண்டோவிடம் கேட்டார். ஓடும் சார் என்றான். கைதட்டல், கண்ணாடிக் கேடயம், போட்டோ. கேடயம் வாங்கின ஆறாவது ஆள் அவன். அன்றைக்கு எல்லாருக்கும் பன்றி வறுவல் வாங்கிப் போட்டான்.

அர்னுல்ஃபோவும் அதே நம்பிக்கையில் பெரிய சட்டி நிறைய பன்சிட் நூடுல்ஸ் கொண்டு வந்திருந்தார். பெர்லா விடியற்காலையில் எழுந்து கிண்டினது.

மேனேஜர் இன்று அதே கேள்வியைக் கேட்டார். அர்னுல்ஃபோ வாயைத் திறக்குமுன் டீம் லீடர் ஜோவலின் முந்திக்கொண்டுவிட்டாள்.

என்ன தப்பு என்றார் மேனேஜர். நம்ம ஊர் பாஷை கலந்து எழுதின கடிதம் வந்தால் தடுமாறுகிறது என்றாள். யார் உட்கார்ந்து பார்ப்பது என்று கேட்டதற்கு, "எழுதினவர்தான் பார்க்கணும். மத்தவங்களுக்குப் புரியாது" என்று முடித்துவிட்டாள்.

மேனேஜர் குறித்துக்கொண்டு கிளம்பினார். கேடயம் இல்லை. பன்சிட்டை எல்லாரும் துக்க வீட்டில் சாப்பிடுகிற மாதிரி தலை குனிந்து சாப்பிட்டார்கள்.

டிண்டோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அண்ணே, அந்தம்மாகிட்ட ஒரு சர்டிஃபிகேட் கிடையாது. பரீட்சைப் பக்கமே போகல. வயித்தெரிச்சல். விட்டா இந்த நூடுல்ஸ்ல உப்பு கம்மின்னும் எழுதிக் குடுத்திருக்கும்."

அன்று ஜெபத்தில் அர்னுல்ஃபோ வழக்கம்போல ஆபீஸில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வேண்டினார். ஜோவலின் பெயர் வந்த இடத்தில் நாக்கு எழும்பவில்லை.

அடுத்த மூன்று வாரமும் வெறி பிடித்த மாதிரி உழைத்தார். ஊர் பாஷை கலந்த பழைய கடிதங்களாகப் பார்த்து அறுநூறு பொறுக்கி, புரோகிராமுக்குக் கொடுத்தார். ஒன்றிலும் தடுமாறவில்லை. போதாததற்கு இன்னொரு பரீட்சையும் எழுதி இன்னொரு சர்டிஃபிகேட்டும் வாங்கினார். பிறகு மேனேஜருக்கு ஒரு கடிதம் அடித்தார். 'எந்தத் தப்பும் இல்லை. இனி யார் கையும் பட வேண்டாம்.'

அதை ஜோவலின் மேஜையில் வைத்தார். "படிச்சுப் பாருங்க மேடம். இப்ப என்ன குறை சொல்லப் போறீங்க?"

அவள் இரண்டு தரம் படித்தாள். "அனுப்பிட்டீங்களா அண்ணா?"

"இல்ல. உங்ககிட்ட காட்டாம அனுப்பினா மரியாதை இல்லைன்னு என் சம்சாரம் சொன்னா."

"அவங்க நல்லா இருக்கணும்" என்று எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். "நீங்க புரோகிராம் காட்டினதுக்கு முந்தின நாள் வந்தது. அதுக்கு முன்னாடி எனக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா மத்த ஆறு பேரோடதுலயும் தப்பு கண்டுபிடிச்சிருப்பேன்."

மேனேஜர் அனுப்பிய பட்டியல் அது. 'யார் கையும் படாமல் ஓடும் வேலைகள். மாதக் கடைசியோடு நிறுத்த வேண்டிய ஆட்கள்.' கேடயம் வாங்கின வரிசையிலேயே முதல் ஆறு பெயர்கள் இருந்தன. ஆறாவது டிண்டோ. ஏழாவது, மறுநாள் கேடயம் வாங்கவிருந்த அர்னுல்ஃபோ.

ஏழாவது பெயர் மட்டும் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில், 'புரோகிராமில் தப்பு இருக்கிறது, ஆள் தேவை – ஜோவலின்.' அதற்குக் கீழே மேனேஜர் எழுதியிருந்தார்: 'குழுவின் வேலை அரைகுறை. ஜோவலினின் பதவி உயர்வு நிறுத்தி வைக்கப்படுகிறது.'

கண்ணாடிக்கு வெளியே டிண்டோ கைக்குட்டையால் தன் கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

 அர்னுல்ஃபோ மேஜை மேலிருந்த தன் கடிதத்தை எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க சொன்னது சரிதான் மேடம்" என்றார். "அந்தத் தப்பு இன்னும் இருக்கு."