கடல் முந்தானை

“இந்தப் படத்தை அப்படியே முந்தானையில கொண்டாந்துடலாமாக்கா?”

கேட்டவளைக் கலாவதி நிமிர்ந்து பார்த்தாள். பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவள் வீடு எது என்று விசாரித்து, பெரிய காஞ்சிபுரத்துச் சந்தெல்லாம் சுற்றி வந்திருக்கிறாள். வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது.

“பேரு என்னம்மா?”

“ஏஞ்சல்.”

அந்தப் பேரா! மூன்று வாரமாகப் புருஷன் குருவின் போனில் ‘ஏஞ்சல் ஆபீஸ்’ என்றுதான் அடித்துக்கொண்டே இருக்கிறது. அடித்ததும் மொட்டை மாடிக்கு ஓடுகிறான். கேட்டால், “ஆபீஸ் தொல்லை” என்கிறான். அந்தத் தொல்லை இப்போது வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது, அதுவும் லட்சணமாக!

இவள் வந்தது புடவைக்கில்லை, பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று பார்க்கத்தான். எவ்வளவு தூரம் போகிறாள், பார்ப்போம்.

போட்டு முடித்திருந்த கிராஃப் தாளை ஒதுக்கி இடம் பண்ணினாள். அந்தத் தாளின் கீழ்மூலையில் ஒரே ஒரு கட்டம் மட்டும் மை படாமல் வெள்ளையாக இருந்தது. எந்த டிசைன் போட்டாலும் திருஷ்டிக்கென்று அப்படி ஒன்றை விட்டுவிடுவது அவள் வழக்கம். புடவையில் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

ஏஞ்சல் படத்தை விரித்தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பொடிப்பொடிக் கட்டங்கள்.

“என்னம்மா இது? மயிலும் இல்ல, மாங்காயும் இல்ல!”

“கடலோட தரைக்கா. எந்த இடம் என்ன வேலை செய்யுதுன்னு காட்டுற மேப். பச்சை, மீன் முட்டை விடுற இடம். மஞ்சள், குஞ்சுங்க வளர்ற இடம். சிவப்புல இரை கிடைக்கும். நீலம் வெறும் மணல். நீலத்துல மட்டும் பெரிய விசைப்படகுங்க தரையை வாரி வலை இழுக்கலாம்னு இதை வச்சுத்தான் முடிவு பண்ணப் போறாங்க.”

“அதை எதுக்குப் புடவையில கட்டிக்கினு திரியணும்?”

“எங்க மேடத்துக்குப் பரிசுக்கா. கட்டம் கட்டமாப் பாத்துச் சொல்லுங்களேன்.”

பேச்சில் தேன் ஒழுகியது. கண் மட்டும் கலாவதியின் முகத்தை விட்டு நகரவில்லை.

கலாவதி லென்ஸை எடுத்தாள். பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

“இதுல எனக்கு என்னம்மா வேலை இருக்குது? எங்க தொழில் ஆளு யாரோ ஏற்கெனவே போட்டதுதானே இது. மேல் பாதி தனியா போட்டதில்ல. கீழ்ப் பாதியையே திருப்பிப் போட்டிருக்குது. நடுவுல மடிச்சுப் பாரு, கட்டத்துக்குக் கட்டம் ஒட்டும். முந்தானைக்கு நாங்க அப்படித்தான் பண்ணுவோம். பாதி வேலை மிச்சம்.”

“கடல் அப்படித் திரும்பி வராதேக்கா!”

ஏஞ்சல் படத்தின் மேல் பாதியைத் தட்டிக் காட்டினாள். “மேல் பாதியிலதான் எங்கப்பா முப்பது வருஷமா வலை போடுறாரு. சினை மீன் வர்ற மாசத்துல அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டாரு. மேப்புல அந்த இடம் வெறும் நீலம். பெரிய படகு ஒரு தடவை வாரினா முட்டையோட எல்லாம் போச்சு. அங்க அளக்கவே போகலைன்னு எனக்குச் சந்தேகம். அளந்த விவரத்தைக் காட்டுங்கன்னு மூணு வாரமாப் போன் பண்றேன், மேப்பைத் தயார் பண்ணின குரு சார் மழுப்புறாரு.”

மொட்டை மாடி ரகசியம் இவ்வளவுதானா! கலாவதிக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அதற்கு வெட்கமாகவும் இருந்தது.

“அவர் சம்சாரம் டிசைன் போடுறவங்கன்னு கேள்விப்பட்டேன். நீங்கதான் போட்டுக் குடுத்தீங்களோன்னு வேவு பாக்க வந்தேன்கா. போட்டவங்க தாங்களே காட்டிக் குடுப்பாங்களா? மன்னிச்சிருங்க. இப்ப சொன்னதை ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாப் போதும்.”

“என் வீட்ல உக்காந்துக்கினு என்னையே சந்தேகப்பட்டியா? நல்லாருக்குதும்மா! கட்டிக்கினவரா இருந்தாலும் தப்பு தப்புதான். கொண்டா தாளை!”

‘மேல் பாதி அளந்து போட்டதல்ல. கீழ்ப் பாதியைத் திருப்பிப் போட்டது. போட்டது யார் என்று எனக்குத் தெரியாது’ என்று விறுவிறுவென எழுதினாள்.

அவள் எழுதுவதற்கு இடம் விட, ஏஞ்சல் படத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தாள். கலாவதியின் பேனா நின்றது.

போன கல்யாண சீசனில் குரு கொண்டு வந்தானே, கறுப்பு வெள்ளையில் பாதி டிசைன்? “கஸ்டமர் அவசரம், மறுபாதியைத் திருப்பிப் போட்டுக் குடு கலா” என்றானே? இப்படிப் பக்கவாட்டில் வைத்துத்தான் போட்டாள்.

“என்னக்கா நிறுத்திட்டீங்க?”

நீலத்துக்கு நடுவே, கீழ்மூலையில், ஒரே ஒரு வெள்ளைக் கட்டம்.

கலாவதி அதன் மேல் விரலை வைத்து மறைத்தாள். சற்று நேரம் கழித்து விரலை எடுத்தாள். கடைசி வரியை அடித்துவிட்டு, ‘போட்டது கலாவதி, க/பெ. குரு’ என்று எழுதினாள்.